ஐந்து அங்குல ஏரி

கடைத் திரையில் ஒரு மீன் போகிறது.
நாற்பது நொடி கழித்து அதே மீன்,
அதே பாறைக்கு மேலே.
கம்பி எதிலும் சொருகியிருக்கவில்லை.
பக்கத்தில் தண்ணீர் என்று சொல்ல
யெரெயின் ஆறிப்போன காப்பி மட்டும்.

"ஒன்பது அங்குலம். பக்கவாட்டிலும் பார்க்கும்.
மூழ்கின மரத்தில் கிளையைக்கூட எண்ணலாம்."
கெய்தெலே ஏரியில் மூழ்கின மரத்துக்குப் பஞ்சமில்லை.
எண்ணித் தா என்று யாரும் கேட்டதில்லை.
விலைச்சீட்டைத் திருப்பினேன்.
எங்கள் அலுமினியப் படகையே
அதைவிடக் குறைத்துத்தான் வாங்கியிருந்தோம்.

எங்கள் என்றால் எனக்கும் சைமிக்கும்.
சைமி என் முன்னாள் மனைவியின் தங்கை.
வீடு ஒரு பக்கம் போனது, நாய் ஒரு பக்கம்.
படகில் பாதி முதலிலிருந்தே சைமியுடையது,
அதனால் வக்கீல் தாளில் அது ஏறவேயில்லை.
மிதந்துகொண்டிருக்கிறது.

யுவஸ்குலா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள் அவள்.
நாள் முழுக்கக் குளிர்ந்த பசை, அந்நியர் வயிறு,
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
ஒலியை உள்ளே அனுப்பி
திரும்பி வருவதை வாசித்துச் சம்பளம் வாங்குகிறவள்
யெரெயிடம் கேட்டாள்:
"இந்த மீன் பொம்மையை அணைக்க முடியுமா?"
"அதுக்காகத்தானே வாங்குறாங்க!"
"காற்றுக் குமிழி வந்தாலும் மீன்னு சொல்லும்.
பித்தப்பையில கல் இருந்தா
என் மெஷின் கல் பொம்மை போட்டா காட்டுது?"

அணைத்தான்.
மீன் போய்
வெட்டிப்போட்ட நகம் போல ஒரு கீற்று மிஞ்சியது.

"சிவப்புன்னா கெட்டியான எதிரொலி.
பச்சைன்னா மெலிசு. எவ்வளவு தெளிவு பாருங்க."
பார்த்தேன்.
எனக்கு இரண்டும் ஒரே சேறு.
ராணுவத்தில் டாக்டர் புள்ளிப் புத்தகத்தை நீட்டிய
பத்தொன்பது வயதிலிருந்து தெரிந்த சேதிதான்.
"தெளிவு" என்று தலையாட்டினேன்.

ஆட்டிய தலையைச் சைமி பார்த்தாள்.
அவள் அக்காவுக்கு ஒருமுறை
வாளி நிறைய லிங்கன்பெர்ரி பறித்துவந்தவன் நான்,
பாதி காய்.
ஒன்றும் சொல்லாமல் கை நீட்டி
பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கி
ஒரு பொத்தானை அழுத்தினாள்.
"ஆஸ்பத்திரியில எல்லாமே சாம்பல்தான்" என்றாள்,
யெரெயிடம், என்னிடம் அல்ல.

ஏரி சாம்பலானது.
மணல் எங்கே முடிகிறது,
பாறை எங்கே தொடங்குகிறது,
பாறைக்குச் சற்று மேலே
ஒட்டாமல் எது நிற்கிறது,
எல்லாம் இருந்தது.
நான் குனிந்தேன். போலி ஏரிதான்,
இருந்தாலும் நாற்பது நொடியை மூன்று முறை பார்த்தேன்.

ஐந்து அங்குலம் வாங்கினோம்.
அகலக் கூம்பு, நாங்கள் சுற்றுவது ஏழு மீட்டர் தண்ணீர்,
அங்கே குறுகிய கூம்பு தட்டளவுதான் காட்டும்.
வரைபட அட்டை வேண்டாம்.
பாறைகளை எல்லாம் ஏற்கெனவே இடித்துத் தெரிந்துகொண்டாயிற்று.

ஜூன் நடுவில், இரவு பதினொன்று,
வெளிச்சம் போகிற எண்ணத்தில் இல்லை.
மோட்டாரின் நுரையில் திரை முழுக்கப் பனி பெய்தது.
சென்சாரை இரண்டு விரல் இறக்கி மாட்டினோம்.
பனி நின்றது.
அடியில் நகங்கள்,
யாரோ பத்து விரலும் வெட்டி உதறினது போல.
கூஹா மீன், சந்தேகமில்லை என்றேன்.
இரண்டு மணி நேரம் தூண்டிலில் ஒரு தட்டும் இல்லை.
"இருக்குன்னு ரிப்போர்ட் எழுதலாம்," என்றாள் சைமி,
"பசிக்குதான்னு எழுத முடியாது."

கரைக்கு வரும்போது திரை காட்டியது
பூஜ்யம் புள்ளி மூன்று மீட்டர்.
என் பூட்ஸ் அதைவிட உயரம்.
ஆழம் தெரிந்துதான் காலை விட்டேன்.
கணக்கு சென்சாரிலிருந்து, நீர்மட்டத்திலிருந்து அல்ல,
இடையில் இருக்கும் இருபது சென்டிமீட்டரை
நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லை.
இடது பூட்ஸுக்குள்
கெய்தெலே, பதினான்கு டிகிரி,
அதையும் அது சரியாகத்தான் காட்டியிருந்தது.